ஆடுபுலி ஆடக் கணினிக்குக் கற்றுக்கொடுப்போம்

ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில் கூலாய் யங் என்றொரு செம்பனைத் தோட்டம் இருந்தது. 2021-இல் ஒய்.டி.எல். குழுமம் அதை 400 மில்லியன் ரிங்கிட்டுக்கும் அதிகமான விலைக்கு வாங்கியது. இன்று அந்த மண்ணில் நிற்பவை தரவு மையங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகளை அங்கே நிறுவ 2023 டிசம்பரில் அமெரிக்காவின் என்விடியா நிறுவனத்தோடு கூட்டும் அறிவிக்கப்பட்டது. சிரம்பான், பாரோய் பக்கத்தில் தோட்டங்கள் தாமான்களாக மாறிய கதை நமக்குப் பழையது. தோட்டம் தரவு மையமாக மாறும் கதைதான் புதியது. பால்மரக் காலத்தில் நம்மவர்கள் சீவிய பாலுக்கு லண்டனில் விலை வைத்தார்கள். செம்பனைக் காலம் வந்தபோது நம்மில் பலருக்குத் தோட்டத்தில் இடமே இல்லாமல் போயிற்று. இந்த மூன்றாம் காலத்தில் தரவு மையத்தின் வாசலில் காவலுக்கு நிற்கும் வேலை மட்டும்தான் நமக்கா என்று கேட்பது மிகையாகாது. உள்ளே இருக்கும் பொறி எப்படி யோசிக்கிறது என்று தெரிந்த பிள்ளைகள் நம்மிடையே வளர வேண்டும். அதற்கு ஏற்ற வாசல் விளையாட்டு, அதிலும் பாட்டிமார் ஆடிய சின்னஞ்சிறு காய் விளையாட்டுகள் என்பது என் வாதம்.

அரசு சும்மா இருக்கவில்லை. 'ஏஐ உந்தோக் ரக்யாட்' என்ற இலவச இணையப் பாடத்தை 2024 ஜனவரியில் தொடங்கியது. தமிழிலும் அதைப் படிக்கலாம். பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் அது அறிமுகம். செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன, எங்கெல்லாம் பயன்படுகிறது என்று சொல்லும்; கையில் எடுத்துச் செய்து பார்க்கச் சொல்லாது. பள்ளிகளிலும் வீடுகளிலும் நடப்பது இன்னும் மேம்போக்கானது. கைப்பேசியில் ஒரு கேள்வியைத் தட்டினால் கட்டுரை வருகிறது. பிள்ளை அதை எழுதி ஆசிரியரிடம் நீட்டுகிறது. செயற்கை நுண்ணறிவில் நம் பிள்ளை முன்னேறிவிட்டது என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். விடை வந்தது எப்படி, அது தவறாக இருந்தால் எதனால், யார் என்ன கற்றுக்கொடுத்ததால் அது அப்படிப் பேசுகிறது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. பேசும் மென்பொருளை வைத்து அவற்றை விளக்குவதும் கடினம், ஏனென்றால் அதன் உள்ளே புழங்கும் எண்கள் கோடிகோடியாக இருக்கின்றன. விளையாட்டு அப்படியல்ல. கட்டம் சிறியது, விதி தெளிவானது, வெற்றி தோல்வியில் மழுப்பல் இல்லை. கற்றல் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதற்குச் சரியான சான்று 1961-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த டொனால்ட் மிக்கி, 'எக்ஸ், ஓ' என்று பிள்ளைகள் நோட்டின் பின்பக்கத்தில் ஆடும் மூன்றுக்கு மூன்று கட்ட ஆட்டத்தைத் தானே கற்றுக்கொள்ளும் பொறியொன்றைச் செய்தார். அவர் கையில் அதற்கான கணினி இல்லை. 304 தீப்பெட்டிகளை அடுக்கினார். ஒவ்வொரு பெட்டியும் ஆட்டத்தின் ஒரு நிலை. உள்ளே பல நிற மணிகள். ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டம். ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறதோ அந்தப் பெட்டியைக் குலுக்கி, வந்து விழும் மணியின் நிறம் காட்டும் கட்டத்தில் பொறியின் குறியைப் போட வேண்டும். பொறி வென்றால் அந்த ஆட்டத்தில் எடுத்த ஒவ்வொரு மணியோடும் அதே நிறத்தில் மூன்று மணிகள் சேர்த்துப் பெட்டியில் போடப்படும். சமனானால் ஒன்று சேரும். தோற்றால் எடுத்த மணி திரும்பப் போகாது. அவ்வளவுதான் விதி. தொடக்கத்தில் கண்மூடித்தனமாக ஆடிய தீப்பெட்டிகள், மிக்கியோடு நடந்த 220 ஆட்டங்களுக்குள் எளிதில் தோற்கடிக்க முடியாத ஆட்டக்காரராகிவிட்டன. கெட்ட நகர்வின் மணிகள் குறைகின்றன, நல்ல நகர்வின் மணிகள் பெருகுகின்றன; யாரும் அதற்கு உத்தி சொல்லிக்கொடுக்கவில்லை. 2016-இல் கோ ஆட்டத்தில் லீ சேடோலை 4-1 என வென்ற ஆல்ஃபாகோ நிரலும், 2017 இறுதியில் விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு தன்னோடு தானே ஆடிச் சதுரங்கம் கற்ற ஆல்ஃபாஜீரோவும் பல மடங்கு சிக்கலானவை. ஆனாலும் வென்ற வழியை வலுப்படுத்து, தோற்ற வழியைத் தளர்த்து என்ற இந்த அடிப்படை அவற்றிலும் ஓடுகிறது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மணியை எடுத்துப் பெட்டியில் போடும்போது அந்த அடிப்படை அவன் விரல் வழியே உள்ளே போகிறது. அதற்கும் குறைவாக வேண்டுமென்றால், மார்ட்டின் கார்ட்னர் 1962-இல் எழுதிக் காட்டிய ஹெக்ஸாபான் என்ற மூன்று சிப்பாய் ஆட்டத்துக்கு 24 பெட்டிகளே போதும்.

பெரிய நிறுவனங்கள் செய்யும் வேலையில் பாரோயில் இருக்கும் பொழுதுபோக்கு ஆர்வலருக்கு என்ன இடம் என்று கேட்கலாம். கணினிச் சதுரங்கத்தின் வரலாறு இதற்கு வேறு விடை தருகிறது. உலகின் வலிமையான சதுரங்க நிரல்களில் முதல் வரிசையில் நிற்கும் ஸ்டாக்ஃபிஷ் எந்த நிறுவனத்தின் சொத்தும் அல்ல. நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளௌரங் என்ற நிரலை அடியாக வைத்து இத்தாலியின் மார்கோ கோஸ்டால்பா 2008-இல் தொடங்கிய திறந்த மூல வேலை அது. 2013-இல் கேரி லின்ஸ்காட் 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றினால், அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் வீட்டுக் கணினிகள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடிப் பார்த்துச் சொல்லும். யாருடைய பட்டமும் பதவியும் அங்கே செல்லாது; மாற்றம் ஆட்டத்தில் வென்றாக வேண்டும். ஆல்ஃபாஜீரோவைக் கூகுள் வெளியே விடாதபோது அதே வழியில் லீலா செஸ் ஜீரோவை 2018-இல் கட்டியவர்களும் இப்படித் தங்கள் கணினியை இரவல் தந்த தன்னார்வலர்கள்தாம். அடுத்த ஆண்டே அது கணினிகளுக்கான டிசெக் போட்டியின் இறுதிச் சுற்றில் ஸ்டாக்ஃபிஷை வென்றது. தோற்ற ஸ்டாக்ஃபிஷ் மீண்டு எழுந்த கதை இன்னும் சுவையானது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யு நாசு என்பவர் 2018-இல் வெளியிட்ட ஒரு நரம்பு வலையமைப்பு உத்தியை ஆர்வலர்கள் எடுத்து 2020-இல் ஸ்டாக்ஃபிஷோடு இணைத்தார்கள். நம் ஊரில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு ஆட்டத்துக்காக எழுதிய யோசனைதான் உலகச் சதுரங்க நிரலைத் தூக்கி நிறுத்தியது. இணையத்தால் நடந்த காரியம் இது. காணொளி பார்க்கவும் பொருள் வாங்கவும் மட்டும் இணையத்தைப் பழக்கியிருக்கும் நாம், அதன் இந்த முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவே இல்லை.

சிறிய மரபின் ஆட்டம் என்பதால் ஒதுக்கத் தேவையில்லை என்றானபின், நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். மலாய்க்காரர்களிடம் ரிமாவ் என்ற உறவு ஆட்டம் உண்டு. நேபாளத்தின் பாக்சாலில் 4 புலிகள், 20 ஆடுகள். இந்த பாக்சாலைத்தான் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் யூ ஜின், சுவிட்சர்லாந்தின் யூர்க் நீவர்கெல்ட்டோடு சேர்ந்து கணினியால் அலசி, இரு பக்கமும் தவறில்லாமல் ஆடினால் ஆட்டம் சமன் என்று நிறுவினார். பல்லாங்குழியும் மலாய்க்காரரின் சோங்காக்கும் ஒரே குடும்பம். சோங்காக்கில் இரு முனையிலும் சேமிப்புக் குழி இருக்கும், பல்லாங்குழியில் இராது. அதே குடும்பத்து ஆப்பிரிக்க ஆட்டமான அவாரியை 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்ரி பால் ஆகிய இருவரும் 889 பில்லியன் நிலைகளை 144 செயலிகளில் 51 மணி நேரம் கணக்கிட்டு முடித்தார்கள், அதுவும் சமன்தான். அறிவியல் உலகம் இந்த ஆட்டங்களைச் சிறுபிள்ளைத்தனமாகக் கருதவில்லை. நாம்தான் அவற்றைப் பண்பாட்டு விழாவின் கண்காட்சி மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

பல்லாங்குழிக்கு நிரல் எழுத உட்காரும் பிள்ளைக்கு முதலில் வரும் சிக்கலே பெரிய பாடம். குழிக்கு ஐந்து காயா ஆறா? நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பது யார், எப்போது? வெற்றுக் குழிக்கு அடுத்த குழியில் இருப்பது மட்டும்தானா, எதிரே இருப்பதும் சேர்த்தா? வீட்டுக்கு வீடு விதி மாறும். மனிதர்கள் ஆடும்போது பாட்டி சொல்வதே தீர்ப்பு. கணினிக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒவ்வொரு விதியையும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னால்தான் அது நகரும். ஆக, நிரல் எழுதும் பிள்ளை முதலில் பாட்டியிடம் போக வேண்டும், கேட்டதைத் துல்லியமாக எழுத வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபட்ட விதிகள் எழுத்தில் பதிவாவது இதன் உபரி லாபம்.

இன்னொரு பாடமும் உண்டு. அது அச்சத்துக்கும் பக்திக்கும் மருந்து. கோ ஆட்டத்தில் மனிதரை மிஞ்சிவிட்டதாகக் கருதப்பட்ட நிரல் ஒன்றை 2023-இல் கெலின் பெல்ரின் என்ற அமெரிக்க அமெச்சூர் ஆட்டக்காரர் 15 ஆட்டங்களில் 14-இல் வென்றார். அந்த நிரலின் பலவீனத்தை வேறொரு நிரல் கண்டுபிடித்திருந்தது. பெல்ரின் அதைக் கற்று, கணினி உதவியின்றி ஆடினார். எதிரியின் காய்களை மெல்ல வளைத்துச் சுற்றும் அந்த உத்தி, ஓரளவு தேர்ந்த மனிதர் கண்ணுக்குத் தப்பாது. கோடிக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. பார்த்துப் பழகாத இடத்தில் இயந்திரம் தடுமாறும் என்பதைத் தன் கையால் ஒரு நிரலைப் பழக்கியவன் எளிதில் புரிந்துகொள்வான். அப்படிப்பட்டவன், பேசும் மென்பொருள் தன்னம்பிக்கையோடு உளறும்போதும் அதை வேதவாக்காக எடுக்கமாட்டான். சென்னையின் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளரானபோது, ஒரு தகவல் அதிகம் பேசப்பட்டது. பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா அவரைத் தொடக்க ஆண்டுகளில் கணினி நிரலின் பக்கம் விடவில்லை. முதலில் சொந்தமாக யோசிக்கப் பழகிய பின்னரே இயந்திரம் கையில் வந்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் செய்வது நேர் எதிர்.

மறுப்புகள் வரும். வர வேண்டியவைதான். கைப்பேசி விளையாட்டில் மூழ்கிப் பிள்ளைகள் கெடுகிறார்கள், நீங்கள் விளையாட்டையே பாடமாக்கச் சொல்கிறீர்களா என்று பெற்றோர் கேட்பார்கள். கவலை பொய்யல்ல. விளையாட்டு அடிமைத்தனத்தை உலகச் சுகாதார அமைப்பு நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் மொபைல் லெஜன்ட்ஸ் ஆடுவதும் ஆடுபுலிக்கு நிரல் எழுதுவதும் ஒன்றல்ல. முன்னதில் பிள்ளையை விடாமல் பிடித்து வைக்கும் வேலையை யாரோ திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள். பின்னதில் பிள்ளையே திட்டமிடுகிறது. பொறி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவனை அதே பொறியில் சிக்கவைப்பது கொஞ்சம் கடினம். முழுப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. தடை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட நல்லது என்கிறேன்.

இதனால் வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. பதினேழு வயதில் 'தீம் பார்க்' என்ற கணினி விளையாட்டை உருவாக்குவதில் பங்கெடுத்தவர் டெமிஸ் ஹசாபிஸ். தாய் சிங்கப்பூர் வம்சாவளியினர். விளையாட்டுகளில் தொடங்கிய அவருடைய டீப்மைண்ட் நிறுவனம் புரதங்களின் வடிவைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் போய் நின்றது. 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. எல்லாப் பிள்ளையும் ஹசாபிஸ் ஆகிவிடாது என்பது தெரியும். தேடல், நிகழ்தகவு, சோதித்துத் திருத்துதல் ஆகிய மூன்றும் பழகிய பிள்ளை எந்தத் தொழில்நுட்ப வேலைக்கும் பாதித் தூரம் வந்துவிட்டது என்பது போதும்.

வசதி எங்கே என்ற கேள்வியை இருவகையாகப் பார்க்க வேண்டும். தோட்டப்புறங்களில் இணையம் இன்னும் எல்லா இடத்திலும் ஒரே சீராக எட்டவில்லை. அதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இந்த வேலைக்கு அது சாக்கல்ல. தீப்பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஆடுபுலி நிரல் பழைய மடிக்கணினியில் ஓடும், பைத்தானை ஒருமுறை பதிவிறக்கினால் பிறகு இணையம் இல்லாமலே எழுதலாம். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு 'நாடி' என்று பெயர் மாறியிருக்கும் சமூக இணைய மையங்கள் உண்டு. நம்மிடம் உண்மையில் இல்லாதது கற்றுக்கொடுக்க முன்வரும் ஆள். கணினித் துறையில் படித்து சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் நம் இளைஞர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை காலையைத் தந்தால் அந்தக் குறை தீரும்.

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. புத்தாக்கப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பதக்கம் வாங்கிவரும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். ஆஸ்தி அமைப்பு அறிவியல் விழாக்களையும் நடத்துகிறது. ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் இது: அடுத்த போட்டியில் பல்லாங்குழிக்கும் ஆடுபுலிக்கும் ஒரு பிரிவு திறங்கள். மாணவர்கள் எழுதிய நிரல்களே ஒன்றோடொன்று மோதட்டும். வென்ற நிரலையும் தோற்ற நிரலையும் யாரும் எடுத்துத் திருத்தும்படி இணையத்தில் வெளியிடுங்கள். பாரோய் வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இருபத்து நான்கு வெற்றுத் தீப்பெட்டிகளையும் ஒரு பொட்டலம் வண்ண மணிகளையும் வாங்கி இந்தத் தவணையிலேயே தொடங்கிவிடலாம்.