எண்ணை எழுதினால் ஆண்டையும் எழுதுங்கள்
எச்.ஐ.வி. செய்திகள் குறித்துக் காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் நிலைப்பாடு

மாவட்டத்தில் எச்.ஐ.வி. ‘கிடுகிடு’ என்று போன வாரம் வந்த செய்தியையும், பிறகு பிள்ளையார்பாளையத்தில் நடந்ததையும் உறுப்பினர்கள் அறிவீர்கள். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோராகிய நம் சங்கத்தின் செயற்குழு மூன்று முறை கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

1. கணக்கைக் கேள்வி கேட்கிறோம், நோயை மறுக்கவில்லை. பரிசோதனையும் கூட்டு மருந்தும் கட்டாயம் தேவை.

2. பல ஆண்டுக் கூட்டுத்தொகையைப் புதுத் தொற்றாக எழுதுவதை ஏற்க மாட்டோம். 2024 ஜூலையில் திரிபுராவில் 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி., 47 பேர் சாவு என்று நாடெங்கும் தலைப்பு ஓடியது. அது 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரை சேர்ந்த கணக்கு என்று அம்மாநில அரசு பிறகு விளக்கியது. 17 ஆண்டுக் கணக்கு! ஒரு தறியில் 17 ஆண்டாக இறங்கிய சேலைகளைக் கூட்டி, இந்த மாதம் நெய்தவை என்று கொண்டுபோனால் எந்தச் சொசைட்டி கூலி போடும்? கணக்கர் சிரித்துவிடுவார். எங்களைப் பற்றிய கணக்கைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, எங்களை வாசலோடு அனுப்புகிறார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் இந்த ஆண்டு தெரியவரும் தொற்று, பல ஆண்டு முன்பே ஏற்பட்டதாக இருக்கலாம். முகாம்கள் கூடினால் கண்டறியப்படுவோரும் கூடுவார்கள். மருந்தால் சாவு குறைந்தால், தொற்றுடன் வாழ்வோர் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். நாங்கள் சாகாமல் இருப்பதா உங்களுக்கு அதிர்ச்சிச் செய்தி? (இவ்வரியை எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. பெரும்பான்மை முடிவுப்படி இருக்கிறது.)

3. மதிப்பீடு என்பது தலையெண்ணிக்கை அல்ல. 2006இல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு இந்தியாவுக்கு 57 லட்சம் என்றது. உலகிலேயே முதலிடம் என்று எழுதினார்கள். 2007இல் அது சுமார் 25 லட்சமானது. ஒரே ஆண்டில் பாதி நோய் ஓடிவிடவில்லை. அதுவரை பெரும்பாலும் மகப்பேறு, பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை வைத்துக் கணித்தார்கள். பிறகு தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்தது.

4. ஒப்புதலின்றி ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதற்கு எதிராக 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை நினைவூட்டுகிறோம்.

5. ‘எய்ட்ஸ் நோயாளி’ என்ற சொல்லை இயன்றவரை தவிர்க்கக் கோருகிறோம்.

செய்தியாளர்களை முற்றாகப் புறக்கணிக்கும் தீர்மானம் இப்போதைக்கு ஏற்கப்படவில்லை. எந்த ஆண்டு, எத்தனை பேரைச் சோதித்து வந்த எண் என்று சேர்த்து எழுத முன்வருபவர்களோடு பேசுவோம். மற்றவர்களுக்குப் பேட்டி தருவது உறுப்பினர்களின் தனிப்பட்ட விருப்பம், சங்கம் பரிந்துரைக்காது.

போன வாரச் செய்திக்குத் திருத்தம் கேட்டிருக்கிறோம். அச்செய்தி வந்த மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் நம் உறுப்பினர் ஒருவருக்கு அவருடைய முதலாளி நெய்யப் பாவு கொடுப்பதை நிறுத்தினார். இதை எழுதும்வரை திருத்தமும் வரவில்லை, பாவும் வரவில்லை.

— செயற்குழு