உறுப்பு மாற்று க்யூவுல நாமதான் முதல்ல, பில் கவுண்டர்ல?

மூளைச்சாவு அடைஞ்சவங்களோட இதயம் வெளிநாட்டு நோயாளிகளுக்குப் போகுதுன்னு 2018-ல தமிழ்நாட்டுல பெரிய சர்ச்சை வந்தது. இன்னைக்கும் இந்தப் பேச்சு வந்தா பலரும் சொல்றது ஒண்ணுதான்: "வெளிநாட்டுக்காரங்களுக்குத் தடை போடுங்க." எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

முதல்ல விதியைப் பாருங்க. மூளைச்சாவு அடைஞ்சவரோட உறுப்பு முதல்ல இந்தியருக்குத்தான். பொருத்தமான இந்தியர் யாரும் இல்லைன்னாதான் வெளிநாட்டவருக்கு. உயிரோட இருக்கிற இந்தியர் ஒருத்தர் வெளிநாட்டவருக்குத் தானம் பண்ணணும்னா, ரெண்டு பேரும் நெருங்கிய உறவா இருக்கணும். 2011 சட்டத் திருத்தம் அப்படித்தான் சொல்லுது. விதி நம்ம பக்கம்தான் இருக்கு.

ஆனா எடுத்த இதயத்தை சுமார் 4 மணி நேரத்துக்குள்ள பொருத்தணும். செலவோ பல லட்சம். அந்தப் பணத்துக்குப் பயந்து நம்ம ஆள் பட்டியல்ல பேரே பதியலைன்னா, கணக்குல "பொருத்தமான இந்தியர் இல்லை"ன்னுதான் வரும். அப்போ வெளிநாட்டவரைத் தடுத்தா இதயம் நமக்கு வராது, வீணாத்தான் போகும். அவரும் ஒரு வீட்டுக்கு அப்பாவோ அம்மாவோதானே?

நம்ம ஆள் பில் கட்டுற நிலைக்கு வரணும். அதுதான் தீர்வு. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல உறுப்பு மாற்று சிகிச்சை உண்டு. ஆனா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். மாசம் 40,000 வாங்குற நீங்க அதுல வரமாட்டீங்க. கையில இருந்து கட்டவும் முடியாது. நடுவுல மாட்டிக்கிறது நாமதான். இந்த நடுத்தர வருமானக்காரங்களுக்கும் அரசு ஒரு வழி பண்ணணும்னு நாம கேட்கணும்.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது:

1. ஹெச்ஆர்கிட்ட பாலிசி காப்பி கேட்டு வாங்குங்க. உறுப்பு மாற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கா, தானம் தர்றவரோட ஆபரேஷன் செலவு கவர் ஆகுதான்னு பாருங்க.

2. வேலையை விட்டா கம்பெனி கவரும் போயிடும். சொந்த பாலிசி ஆரோக்கியமா இருக்கும்போதே எடுங்க. நோய் வந்த பிறகு எடுத்தா, அந்த நோய்க்கு 3 வருஷம் வரை வெயிட்டிங் பீரியட் இருக்கலாம்.

3. மாற்று அறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடணும். பெரும்பாலான பாலிசிகள் டிஸ்சார்ஜ் ஆகி 2, 3 மாசத்தோட மருந்துச் செலவை நிறுத்திடும். எமர்ஜென்சி ஃபண்ட் போடும்போது இதையும் கணக்குல வைங்க.

கோபத்தை வெளிநாட்டு நோயாளி மேல காட்டுறதுக்கு முன்னாடி, உங்க பாலிசியில எத்தனை லட்சம் கவர் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க.