நிபந்தனை இல்லாத சலுகை வேண்டாம்





விற்பனை சரியும்போதெல்லாம் கார் கம்பெனிகளுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி வாங்கிய சலுகை அந்தத் தொழிலாளர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பார் இல்லை. மந்த காலத்தில் ஒரு தொழிலைக் காப்பாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. வேலைக்கு உத்தரவாதம் எழுதி வாங்காமல் பொதுப் பணத்தை விட்டுக்கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

2019இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஜூலையைவிட ஏறத்தாழ 31 சதவீதம் விழுந்தது. இப்படியே போனால் பத்து லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்று உதிரிபாக உற்பத்தியாளர் சங்கம் எச்சரித்தது. ஆகஸ்ட் 23ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சலுகைகளை அறிவித்தார். அரசுத் துறைகள் புது வாகனம் வாங்க இருந்த தடை நீங்கியது. புது வாகனங்களுக்கான தேய்மானக் கழிவு 15 சதவீதத்திலிருந்து 30 ஆனது. செப்டம்பர் 20ஆம் தேதி, எல்லா உள்நாட்டுக் கம்பெனிகளுக்குமான வருமான வரி 22 சதவீதமாகவும், புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதமாகவும் குறைந்தது. இதனால் அரசு இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று நிதியமைச்சரே சொன்னார்.

அந்த வரிக்குறைப்பைப் பெற ஒரு நிபந்தனை இருந்தது. மற்ற வரிவிலக்குகளைக் கம்பெனி கைவிட வேண்டும். ஆட்களை வெளியே அனுப்பக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் இல்லை. அந்த மந்தத்தில் முதலில் வெளியேறியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் டிரெய்னிகளும்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர் பக்கத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போவது அந்த வேலைக்குத்தான். அவர்களை நிறுத்த நோட்டீஸ்கூடத் தேவைப்படுவதில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொன்னால் போதும். கம்பெனியின் நிரந்தரப் பட்டியலில் பெயர் இல்லாததால், வேலை இழந்தவர் கணக்கிலும் அவர்கள் பெயர் வருவதில்லை.

அடுத்தது ஃபோர்டு. 1990களில் தமிழ்நாட்டு அரசின் சலுகைகளோடு மறைமலைநகரில் கால் ஊன்றிய கம்பெனி, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9ஆம் தேதி அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. குஜராத்தின் சானந்தில் இருந்த அதே கம்பெனியின் ஆலையை டாடா மோட்டார்ஸ் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தகுதியுள்ள தொழிலாளர் எல்லோருக்கும் வேலை தருவது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. மறைமலைநகர்த் தொழிலாளர்களோ கூடுதல் இழப்பீடு கேட்டுப் போராடி, கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு வெளியேறினார்கள். 2025 அக்டோபரில் அதே ஆலையில் எஞ்சின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டில், 600 பேருக்கு வேலை என்று ஃபோர்டு புதிதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தாராளமாக வரட்டும். மறுபடியும் கதவைப் பூட்டினால் தொழிலாளிக்கு என்ன பொறுப்பு ஏற்பார்கள் என்பதை மட்டும் அரசு இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

நிபந்தனை போட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்று பயமுறுத்துகிறவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். தனியார் முதலாளித்துவத்தின் தலைமையிடமான அந்த நாடே 2008-09 நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சும்மா பணம் தரவில்லை. 4,950 கோடி டாலர் போட்டது. பதிலுக்குக் கம்பெனியில் 60 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. தலைமை அதிகாரி ரிக் வாகனரை 2009 மார்ச்சில் பதவி விலகச் சொன்னது. பழைய பங்குதாரர்களின் முதலீடு அழிந்தது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது அரசுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் நஷ்டம். அந்தத் திட்டத்திலும் தொழிலாளிதான் நிறைய விட்டுக்கொடுத்தான். குறைகள் பல உண்டு. ஆனாலும் போட்ட பணம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்பது அந்த நாட்டு மக்களுக்குத் தெரியும். நம் நாட்டில் சலுகை வரிக்குறைப்பாகவும் வரித் தள்ளுபடியாகவும் போவதால், அதைக் கடன் என்றோ பங்கு என்றோ திரும்பக் கேட்க வழியே இல்லை.

நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் அரசு ஒரு காலத்தில் வேறு விதமாக நடந்துகொண்டது. நலிந்த ஆலைகளுக்கு 1974இல் சட்டம் போட்டு, ஆலையையே தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கீழ் கொண்டுவந்தது. பொதுப் பணம் போன இடத்தில் பொது உரிமையும் இருந்தது. அந்தக் கழகத்தின் ஆலைகள் கோவையிலும் காளையார்கோவிலிலும் கமுதக்குடியிலும் ஓடிக்கொண்டிருந்தன. 2020 மார்ச் ஊரடங்கில் அவை நிறுத்தப்பட்டன. ஊரடங்கு முடிந்த பிறகும் அவை பழையபடி ஓடவில்லை. அடுத்த ஆண்டே, 2021 செப்டம்பரில், வாகனத் தொழிலுக்கு 25,938 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தன் சொந்த ஆலையில் வேலை செய்தவருக்குப் பதில் சொல்லாத அரசு, கார் கம்பெனியின் தொழிலாளிக்காகத்தான் பணம் தருகிறது என்றால் நான் எப்படி நம்புவது?

மந்தம் கார் கம்பெனிக்கு மட்டும் வருவதில்லை. பஞ்சு விலையும் மின் கட்டணமும் தாங்காமல் 2023 ஜூலையில் தமிழ்நாட்டு நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்தின. அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி, நிலைக் கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் திரும்பப் பெறச் சொல்லி மாநிலம் முழுக்கச் சிறு குறு தொழிற்கூடங்கள் கதவடைப்புச் செய்தன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகார் பூட்டோடு விலையில் போட்டி போட முடியாமல் நம் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன. இவர்களுக்காக யாரும் நெருக்கடிக் கூட்டம் கூட்டுவதில்லை. தெரிந்தவருக்குக் கைமாற்றாகப் பத்தாயிரம் கொடுத்தாலும் எப்போது தருவாய் என்று கேட்கிறோம். ஆயிரக்கணக்கான கோடியை விட்டுக்கொடுக்கும் அரசு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதா?

பெரிய ஆலை விழுந்தால் அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் அதற்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் விழும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கம்பெனியின் லாபக் கணக்குக்கு அல்ல, தொழிலுக்கும் தொழிலாளிக்கும் பணம் போகட்டும் என்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதை நான் குறை சொல்லவில்லை. அது வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் தெரிகிறது. 2009 தொடக்கத்தில், உலகப் பொருளாதார நெருக்கடி நேரத்தில், நகரங்கள் பஸ் வாங்க மத்திய அரசு நிதி கொடுத்தது. அதுவும் நல்ல வழி. ஆலைக்கு ஆர்டர் கிடைக்கும், ஜனங்களுக்குப் பஸ் கிடைக்கும்.

ஆகவே மத்திய, மாநில அரசுகளிடம் நான் கேட்பது இவை. முதலாவது, எந்த வாகனக் கம்பெனிக்கு எவ்வளவு சலுகை, அதற்கு ஈடாக எத்தனை நிரந்தர வேலை, எத்தனை ஆண்டுக்கு என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்க வேண்டும். இரண்டாவது, சலுகை பெற்ற கம்பெனி ஆட்குறைப்புச் செய்தாலோ மூடினாலோ, பெற்றதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட வேலை இழந்தவர்களுக்குப் போக வேண்டும். மூன்றாவது, இ.எஸ்.ஐ. கழகம் வேலை இழந்தவருக்குச் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை தரும் திட்டத்தை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது. மந்த காலத்தில் அதை ஓர் ஆண்டாக நீட்டிக்க வேண்டும். நான்காவது, நூறு பேர் வேலை செய்யும் ஆலையை மூடவும் அரசின் அனுமதி வேண்டும் என்று இருந்ததை, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு முந்நூறு பேராக உயர்த்திவிட்டது. எங்கள் மாவட்டத்துச் சின்ன நூற்பாலைத் தொழிலாளிக்கும் உதிரிபாக ஆலைத் தொழிலாளிக்கும் அந்த அனுமதி முக்கியமான சட்டப் பாதுகாப்பாக இருந்தது. பழைய வரம்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இந்த நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்ளும் கம்பெனிக்கு மந்த காலத்தில் அரசு தாராளமாக உதவட்டும். முதல் ஆளாக நான் வரவேற்பேன். ஒப்புக்கொள்ளாத கம்பெனி தன் நஷ்டத்தைத் தானே தாங்கட்டும். அதன் லாபத்தில் பங்கு இல்லாத மக்கள் அதன் நஷ்டத்தை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூற்பாலைத் தொழிலாளி ஒருவர்,
தாடிக்கொம்பு, திண்டுக்கல் மாவட்டம்.