அடி வாங்கியவளைத் திருப்பி அனுப்புவது தீர்ப்பு அல்ல



கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ வெட்டினாலும் நம் தலைவர்கள் உடனே தோட்ட அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஆனால் புருஷன் அடித்து முகம் வீங்கிய ஒரு பெண் வந்து நின்றால், "இது குடும்ப விஷயம், அனுசரிச்சுப் போம்மா" என்று லயத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். அவளும் மாதாமாதம் சந்தா கொடுப்பவள்தான்.

தலைவர்கள் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. காம்பராவை விட்டால் பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள் என்று யோசிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். அடிப்பவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதவான் உத்தரவிட முடியும். அதாவது, காம்பராவை விட்டுப் போகவேண்டியவள் அவள் அல்ல. கட்டளை 12 மாதம் வரை இருக்கும். மீறினால் தண்டனை உண்டு. இது விவாகரத்து வழக்கு அல்ல என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலியல் வன்முறை பெருங்குற்றம். பணத்துக்கோ கல்யாணத்துக்கோ அதைப் பேசி முடிக்க எந்தத் தலைவருக்கும் உரிமை இல்லை. மலையில் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ தகாத முறையில் நடந்தாலும், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம்தான். பாதிக்கப்பட்டவள் முடிந்தால் குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல், சீக்கிரம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாள் கடந்துவிட்டாலும் போகலாம்.

எங்கே உதவி கேட்பது? பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, அவசரத்துக்குப் பொலிஸ் 119. அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'மிதுரு பியச' எனப்படும் நட்பு நிலையம் உண்டு. அங்கே ஆலோசனைக்குக் காசு இல்லை. பொலிஸில் சிறுவர், மகளிர் பணியகம் இருக்கிறது. வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஆனால், நீதிமன்றத்துக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் காசும் இருக்காது. தனியாகப் போகப் பயம் வேறு. பல பெண்கள் பாதியில் நிற்பது இதனால்தான். ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்:

ஒன்று, அடி, பாலியல் குற்றம் பற்றிய முறைப்பாடுகளைப் பஞ்சாயத்தில் தீர்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

இரண்டு, கூடவே போவதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் சங்கத்தில் இரண்டு பேரை நியமியுங்கள். பஸ் செலவைச் சந்தாப் பணத்திலிருந்து கொடுங்கள்.

மூன்று, நீதிமன்றம் போகும் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பக்கத்துக் காம்பராவில் அலறல் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்காதீர்கள். நாலு பேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். ஒருத்திக்காக எல்லோரும் நிற்பதற்குப் பெயர்தான் சங்கம்.