பரதேசியும் டாக்டர் ஆபிரகாமும்



பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படம் 2013 மார்ச் மாதம் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் நமது மலைப் பங்குகளில் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. தொலைக்காட்சியில் அது வந்துவிட்டால், மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் யாராவது ஒருவர், “ஃபாதர், நேத்து அந்தப் படம் போட்டாங்க, பார்த்தீங்களா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. கேட்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், “எங்க பாட்டன் பாட்டி பட்ட பாட்டை அப்படியே எடுத்திருக்காங்க” என்று கண் கலங்குவார்கள். மற்றவர்கள், நம் விசுவாசத்தை இப்படியா கேலி செய்வது என்று கொதிப்பார்கள். ஒரே வீட்டில் தாய் அழ, மகன் கொதிப்பதும் உண்டு. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இதைப் பற்றி எழுதத் துணிகிறோம்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். காலம் 1939. வறண்ட ஒரு கிராமத்துக்குக் கங்காணி வருகிறான். கையில் முன்பணம் கொடுத்து, பச்சை மலையில் நல்ல கூலி என்று ஆசை காட்டி, ஊரையே நடத்திக் கூட்டிப் போகிறான். தேயிலைத் தோட்டத்தில் ஓராண்டு உழைத்த பிறகு கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது. அன்றைக்குத்தான் மக்களுக்கு உண்மை புரிகிறது. முன்பணத்துக்குப் பிடித்தம், கடைக்குப் பிடித்தம், வைத்தியனுக்குப் பிடித்தம். மிஞ்சுவது கடன், அதை அடைக்க இன்னும் பல ஆண்டு உழைக்க வேண்டும். தப்பி ஓடியவனின் கால் நரம்பை வெட்டுகிறார்கள். பிறகு கொள்ளைநோய் வருகிறது.

அந்த நோயோடு கூடவே ஒரு கிறிஸ்தவ மருத்துவரும் வருகிறார். மனிதர்கள் செத்துக்கொண்டிருக்க, அவர் ஆடிப் பாடி, கூட்டத்தையும் ஆட வைத்து, மதம் மாற்றுகிறார். கோபம் பிறப்பது இந்த இடத்தில்தான். “அது நம்ம வழிபாடே இல்லையே, வேற சபைக்காரங்க ஆட்டம்” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் கத்தோலிக்கரும் நம்மிடையே இருக்கிறார்கள். அது எடுபடாது. படம் பார்ப்பவருக்குச் சபைப் பிரிவுகள் தெரியாது. கழுத்தில் தொங்கும் சிலுவை மட்டுமே தெரியும்.

இந்தப் படத்துக்கு ஊற்றுக்கண் ஒரு நாவல் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பி.எச். டேனியல் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த ‘ரெட் டீ’ அது. இரா. முருகவேள் தமிழில் மொழிபெயர்க்க, ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் 2007-இல் வந்தது. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். முதிய தொழிலாளர்கள் வாயிலிருந்து கேட்டவற்றையே கதையாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போகும் கருப்பனும் வள்ளியும்தான் நாயகர்கள். மலேரியாவும், மேஸ்திரியின் பிடித்தங்களும், துரைமார்களின் வெறியும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அதிலும் ஒரு கிறிஸ்தவ மருத்துவர் வருகிறார், பெயர் ஆபிரகாம். அவர் ஆடுவதில்லை. தொழிலாளியையும் மனிதனாக மதித்து, தோட்ட நிர்வாகத்தின் அலட்சியத்தோடு மோதி, முறையான மருத்துவம் கிடைக்கப் பாடுபடுகிறார்.

நாவலில் போராடும் மருத்துவர், திரைக்கு வந்தபோது ஆட்டக்காரராகிவிட்டார். இயக்குநருக்குக் கற்பனைச் சுதந்திரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளியின் துயரத்தை வெளியுலகுக்குச் சொன்ன மனிதரே மருத்துவராக இருக்க, அவருடைய நூலால் உந்தப்பட்ட படத்தில் மருத்துவர் கேலிப்பொருளானது நியாயமற்றது என்றே நாம் நினைக்கிறோம். படத்தின் மற்றப் பகுதிகளில் இருக்கும் உண்மை இந்த இடத்தில் இல்லை.

இது வெறும் சினிமாப் பிரச்சினையா? அப்படியானால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நோயையும் வறுமையையும் பயன்படுத்தி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நம் நாட்டில் சட்டமாகவே வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது நமக்கு நினைவிருக்கும். வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. ஆசை காட்டினார்கள் என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதே இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித்துக்கு இன்றும் அந்த உரிமை இல்லை. அவர்களுக்கும் அதை வழங்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களே. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர் என்று வாழும் குடும்பங்களைப் பங்குப் பணியில் இருக்கும் யாரும் அறிவார்கள். அந்தக் குடும்பங்கள் விசுவாசத்துக்காக இழந்ததைத்தான் நாம் பார்க்கிறோம். ஆசை காட்டி அழைக்கப்பட்டவர்களின் கணக்கு இப்படியா இருக்கும்?

ஆனாலும் கோபத்தோடு நின்றுவிட மனம் ஒப்பவில்லை. படத்தின் மருத்துவரை நாம் வெறுப்பது எதற்காக? அவர் ஆடுவதற்காக மட்டுமா? மக்கள் ஏன் நோயில் விழுந்தார்கள், ஓராண்டுக் கூலி எங்கே போனது என்று அவர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கங்காணியின் பேரேட்டை அவர் திறந்து பார்க்கவில்லை. செபத்தோடு வந்தவர், கணக்கைத் தொடவில்லை. இந்தக் குறை சினிமாவில் மட்டும்தான் உண்டு என்று நம்மால் சத்தியம் செய்ய முடியுமா?

பேரேட்டைத் திறந்த குருக்களும் திருச்சபையில் இருந்திருக்கிறார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் சோட்டாநாக்பூருக்குப் போனார். இன்றைய ஜார்க்கண்ட் பகுதி அது. அங்கே முண்டா, உராவ் பழங்குடியினர் தங்கள் முன்னோர் திருத்திய நிலத்தை ஜமீன்தார்களிடம் இழந்து, கூலியில்லா வேலை செய்துகொண்டிருந்தார்கள். லீவன்ஸ் அவர்களுடைய மொழியையும் நில வழக்கங்களையும் சட்டத்தையும் கற்றார். எது நியாயமான வாரம், எது அநியாய வரி என்று எடுத்துச் சொல்லி, நீதிமன்ற வழக்குகளுக்கு வழிகாட்டினார். பல்லாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். உடல் நலிந்து ஊர் திரும்பிய லீவன்ஸ் 1893-இல் இறந்தார். பின்னால் வந்த ஹாஃப்மன் என்ற மற்றொரு சேசு சபைக் குரு, பழங்குடியினர் நிலத்தைக் காக்கும் 1908-ஆம் ஆண்டுச் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாவதில் பங்கு பெற்றார். மறு ஆண்டே கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் தொடங்கினார். வட்டிக்காரனிடமிருந்து மக்களை மீட்க வேண்டுமே!

“அப்படியானால் நிலத்துக்காகத்தானே சேர்ந்தார்கள்?” என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நாமும் அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. உதவியும் திருமுழுக்கும் மிக நெருங்கி வரும்போது, எது எதற்காக என்று பிரிக்க முடியாமல் போகும். அதனால்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், யாரையும் கட்டாயப்படுத்தியோ தகாத வழிகளில் கவர்ந்தோ விசுவாசத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று வெளிப்படையாகத் தடை விதித்தது. ஆனால் ஆண்டவரைத் தேடிக் கடல் தாண்டி வந்த கூட்டமும் அப்பம் உண்டு வயிறு நிறைந்ததால் வந்த கூட்டம்தான். அதை அவரே அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார் (யோவான் 6:26). சொன்னாரே தவிர, விரட்டவில்லை. பசியோடு வருபவனின் உள்நோக்கத்தைச் சோதித்த பிறகே சோறு போடுவேன் என்பவன், எந்த மதத்தைச் சேர்ந்தவனாக இருந்தால்தான் என்ன?

எங்கோ உள்ள சோட்டாநாக்பூரைப் பற்றி ஊட்டியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நிற்கின்றன. ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. லீவன்ஸ் காலத்தில் விசுவாசம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்! ஏஜென்ட் வழியாக, ரயிலில், தெரியாத மொழி பேசும் மலைக்கு வருகிறார்கள். பரதேசி என்ற சொல்லுக்கு அயல் தேசத்தான் என்றுதானே பொருள்?

இந்தக் கதை நமக்குப் புதிதா? நம் பங்குகளில் பாதிப் பேர் ‘சிலோன்காரர்கள்’ என்று அழைக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரு பிரதமர்கள் எண்ணிப் பிரித்தார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் தொடங்கி, பின்னர் டான்டீ ஆயிற்று. அங்கே கங்காணிக் கணக்கில் சிக்கிய பாட்டனின் பேரன், இங்கே ஓய்வு பெறும் நாளில் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று விழிக்கிறான். இந்த மக்களோடு இலங்கையில் நின்ற ஒரு குருவையும் சொல்ல வேண்டும். பால் கஸ்பர்ஸ் என்ற சேசு சபைக் குரு தமிழர் அல்லர். ஆனாலும் 1972-இல் கண்டியில் ‘சத்யோதய’ நிறுவனத்தைத் தொடங்கி, மலையகத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் குடியுரிமைக்காகவும் 2017-இல் இறக்கும்வரை பேசினார். அவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை பதினான்காம் லியோ, அந்தப் பெயரைத் தேர்ந்ததற்குப் பதின்மூன்றாம் லியோவும் 1891-இல் அவர் தொழிலாளர் உரிமை குறித்து எழுதிய சுற்றுமடலும் முக்கியக் காரணம் என்று கர்தினால்களிடம் விளக்கினார். தொழிலாளியின் கூலியை மறுப்பது விண்ணை நோக்கிப் பழி கேட்கும் பாவம் என்று அந்த மடல் சொல்கிறது. அதற்கு ஆதாரமாக அது காட்டுவது யாக்கோபு திருமுகம் (5:4). தவக்காலத்தில் அந்தப் பகுதியை மறையுரையில் விளக்க நமக்குத் தயக்கமில்லை. தோட்ட வாசலில் அதை விளக்குவதுதான் கொஞ்சம் கடினம்!

அடுத்த மாத அன்பியக் கூட்டங்களில் ‘எரியும் பனிக்காடு’ நூலின் சில பக்கங்களை வாசிக்கலாம் என்று எண்ணுகிறோம். படத்தை விரும்புகிறவர்கள் அதையும் போட்டுப் பார்க்கட்டும். ஆட்டம் வரும் இடத்தில் எழுந்து போக வேண்டாம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, பாட்டுக்கு வாய் அசைக்காமல், சிலுவை அடையாளம் மட்டும் போட்டுக்கொண்டு போகும் வடநாட்டுக் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். தோட்ட அலுவலகத்தில் கணக்கர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். கொஞ்சம் இந்தி தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் திருப்பலி முடிந்து அரை மணி நேரம் மண்டபத்தில் உட்கார முடியுமா? வாங்கிய முன்பணம் எவ்வளவு, மாதாமாதம் பிடித்தம் எவ்வளவு, வருங்கால வைப்புநிதி எண் கையில் இருக்கிறதா என்று அந்தக் குடும்பங்களோடு சேர்ந்து சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். மண்டபச் சாவியை உபதேசியாரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.