யூதர் கட்டிய பள்ளியில் நம் பெண் பிள்ளைகள்!

கொல்கத்தா பார்க் தெருவில் 'யூதப் பெண்கள் பள்ளி' என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள்! யூத மாணவி ஒருவர்கூட இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் பள்ளி பிறந்த வரலாற்றை நம் சமுதாயம் அறிய வேண்டும். 1798ல் அலெப்போவிலிருந்து ஷாலோம் கோஹன் என்ற வணிகர் கல்கத்தா வந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாத், பஸ்ரா பகுதி யூதக் குடும்பங்கள் குடியேறின. வீட்டில் பேசியது அரபி. பிழைக்க ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் கற்பித்தவையோ மிஷனரி பள்ளிகள். அங்கே போனால் பிள்ளைகள் மதத்தை விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தது.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டில் முடக்கினார்களா? இல்லை! 1881ல் பெண் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி கண்டார்கள். ஆண் பிள்ளைகளுக்கு எலியாஸ் மேயர் இலவசப் பள்ளி எழுந்தது. ஒருபுறம் ஆங்கிலக் கல்வி. மறுபுறம் ஹீப்ருவும் வேதமும். உச்ச நிலையிலும் சில ஆயிரம் பேரே இருந்த சமூகம் இதைச் சாதித்தது.

லண்டனிலும் 1732ல் தொடங்கிய யூத இலவசப் பள்ளியில், 1900 வாக்கில் சுமார் 4,000 பிள்ளைகள் படித்தனர். பலர் ரஷ்யா, போலந்திலிருந்து வந்த ஏழை அகதிகளின் மக்கள். ஆனால் அங்கே ஆங்கிலத்தைப் புகட்டும் வேகத்தில், வீட்டு மொழியான இத்திஷ் ஒதுக்கப்பட்டது. இதிலும் நமக்குப் பாடம் உண்டு.

இந்திய விடுதலைக்குப் பின் கல்கத்தா யூதர்கள் இஸ்ரேல், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று குடிபெயர்ந்தனர். பள்ளியை இழுத்து மூடவில்லை. பிற சமயப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார்கள். பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்ப்போம். ஆனால் ஒரு சமூகம் செய்த நன்மையை மறுப்பது நீதியாகாது.

சகோதரர்களே! 1956ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பின் நெய்வேலிக்கும் பல ஊர்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்தன. நெய்வேலியிலோ குள்ளஞ்சாவடியிலோ வாழும் நம் குடும்பங்களுக்கும் அதே அச்சம் உண்டு. ஆனால் 'காலம் கெட்டுக் கிடக்கிறது' என்று சொல்லிப் பெண் பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்துவது தீர்வாகுமா? சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30வது பிரிவு தந்திருக்கிறது. கல்யாண மண்டபம் கட்டத் திரளும் பணம் பள்ளிக்கூடத்துக்கும் திரளட்டும். அதுவரை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்புவோம். மார்க்கக் கல்வியை மாலையில் ஊட்டுவோம்.

அச்சம் பள்ளிக்கூடம் கட்ட வைக்க வேண்டும். படிப்பை நிறுத்த வைக்கக் கூடாது. சிந்திப்போம், செயல்படுவோம்!