சாவி யார் கையில்?

புது லேப்டாப் வாங்குவதென்றால் நம்மூரில் அதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. ப்ராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, ஸ்டூடண்ட் ஆஃபர் உண்டா, பை இலவசமா, மவுஸ் இலவசமா என்று இரண்டு வாரம் ஆராய்ச்சி நடக்கும். கடை கடையாக ஏறி இறங்கி, ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுவார்கள். எல்லாம் முடிந்து பில் போட்டதும் கடையில் இருக்கும் தம்பி கேட்பார்: "சார், செட் பண்ணியே கொடுத்துடட்டுமா?" அப்பாவும் நிம்மதியாக, "பண்ணிக் கொடுத்துடுப்பா, நமக்கு இதெல்லாம் எங்கே தெரியுது" என்பார்.

ஐந்நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் போராடிய அதே குடும்பம், நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளின் சாவியை அடுத்த அரை மணி நேரத்தில் யாரிடமோ விட்டுவிட்டு வீடு திரும்புகிறது. மிகைப்படுத்தல் மாதிரி இருக்கிறதா? அந்த அரை மணி நேரத்தில் திரையில் என்னென்ன வருகிறது என்று வரிசையாகப் பார்த்தாலே போதும்.

அந்த அரை மணி நேரம்

மாணவர்கள் வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் வருவது விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு. முதல் முறை ஆன் செய்ததும் நாடு, விசைப்பலகை, வைஃபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லும். "கணக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்று அங்கே ஒரு பட்டன் கிடையாது.

கடைத் தம்பிக்கு இன்னும் நாலு பெட்டி வரிசையில் காத்திருக்கிறது. அப்பாவுக்கு ஈமெயில் பாஸ்வேர்டு ஞாபகமில்லை. தம்பி என்ன செய்வார், பாவம்? வாயில் வந்த பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறப்பார். இல்லாவிட்டால் கடைக்கென்று வைத்திருக்கும் கணக்கிலேயே நுழைந்துவிடுவார்.

அடுத்து ஆறு கேள்விகள் வரும். இருப்பிடம் தெரியட்டுமா, தொலைந்தால் தேடட்டுமா, பழுதுத் தகவல் அனுப்பட்டுமா, டைப் செய்வதைக் கவனிக்கட்டுமா, அதற்கேற்ற யோசனைகள் சொல்லட்டுமா, விளம்பர அடையாள எண் போடட்டுமா? ஆறுக்கும் விடை ஏற்கெனவே "ஆம்" என்று வைக்கப்பட்டிருக்கும் (கேள்வியும் அவர்களே, பதிலும் அவர்களே!). அக்செப்ட். அப்புறம் ஒன்டிரைவ், மைக்ரோசாஃப்ட் 365, கேம் பாஸ் என்று சந்தைக்கடை விரியும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடைசியில், "பின் நம்பர் என்ன சார் வைக்கட்டும்?" "1234 வெச்சிடுப்பா."

அவ்வளவுதான். வீட்டில் தினமும் 1234 அடித்தால் திறக்கிறது. பின்னால் ஒரு கணக்கு இருப்பதே மறந்துபோகிறது. கதவு திறந்திருக்கும்வரை சாவி எங்கே என்று யார் தேடப்போகிறார்கள்?

48 இலக்கம்

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே பெரும்பாலான புது லேப்டாப்களில் இன்னொரு காரியமும் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. வட்டில் உள்ள எல்லாமே பூட்டப்படுகிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்தியதால் இன்னும் ஏராளமான மாடல்களுக்கு இது வந்துவிட்டது. பூட்டின் மாற்றுச் சாவி 48 இலக்க எண். அது லேப்டாப் வாங்கியவர் கைக்கு வருவதில்லை. நுழைந்த கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதாவது, கடைத் தம்பி திறந்த அந்தக் கணக்கில்.

இரண்டு வருடம் கழித்து மதர்போர்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது பயாஸ் அப்டேட் ஒன்று கோணலாக முடிகிறது. ஆன் செய்தால் நீலத் திரை வந்து 48 இலக்கம் கேட்கிறது. 1234 அங்கே செல்லாது. கடைக்குப் போனால் அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. மைக்ரோசாஃப்ட்டைக் கேட்டால், தொலைந்த சாவியை மறுபடி உருவாக்கித் தர எங்களாலும் முடியாது என்பார்கள். அது பொய்யும் இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஜிஎஸ்டி பயிற்சிக் கோப்புகள், தங்கச்சி கல்யாண ஃபோட்டோ என்று எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். யாராலும் எடுக்கத்தான் முடியாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணினிகளை மீட்கப் போனபோது பல நிறுவனங்களில் பெரிய தலைவலியாக இருந்தது இதே 48 இலக்கச் சாவிதான். தனியாக ஐடி துறை வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி என்றால், பி.காம் இரண்டாம் ஆண்டு மாணவி எந்தத் துறையைக் கூப்பிடுவாள்?

இதோடு விட்டதா என்றால் இல்லை. "ஆஃபீஸ் லைஃப்டைம் ஃப்ரீ" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, அந்த உரிமமும் முதலில் எந்தக் கணக்கில் செயல்படுத்தப்பட்டதோ அந்தக் கணக்கோடுதான் ஒட்டிக்கொள்ளும். காசு கொடுத்தவர் ஒருவர், எக்ஸெல் இன்னொருவர் பெயரில்!

தவறு யாருடையது?

கடைத் தம்பி மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அவரை அந்த மூலைக்குத் தள்ளியது யார்? விண்டோஸ் 11 வந்த 2021 முதலே ஹோம் பதிப்பு, முதல் அமைப்புக்கு இணையமும் கணக்கும் கேட்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சில கட்டளைகளை அடித்துக் கணக்கில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். 2025-ல் சோதனைப் பதிப்புகளில் அந்தக் குறுக்குவழிகளையும் மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கியது.

தொழில்நுட்பக் கட்டாயம் என்று சொல்ல வழியில்லை. உபுண்டுவை எந்தக் கணக்கும் இல்லாமல் நிறுவலாம். வட்டைப் பூட்ட வேண்டுமென்றால் கடவுச்சொல்லை உரிமையாளரே வைத்துக்கொள்கிறார். ஆப்பிள் மேக்கில்கூடக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போக முடியும். பட்டன் வைக்க முடியாமல் இல்லை, வைக்க மனமில்லை.

மனம் எப்போது வரும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. மீடியா பிளேயரை விண்டோஸோடு கட்டி விற்றது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2004-ல் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டத் தவறியதற்கு 2013-ல் 56.1 கோடி யூரோ. டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் எட்ஜ் உலாவியையே நீக்கிவிடும் வசதி ஐரோப்பியருக்குக் கிடைத்தது. சட்டம் குரலை உயர்த்தினால் பட்டன் தானாக முளைக்கிறது!

பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது

பி.காம் படிப்பவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ம் பிரிவு என்ன சொல்கிறது? இரு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றுக்கொண்டால்தான் அது இசைவு. இங்கே ஒரு தரப்பு திரையைப் பார்க்கவே இல்லை. டீக்கடையில் நிற்கிறது. சரி, கடைத் தம்பி ஏஜெண்ட் என்று எடுத்துக்கொண்டாலும், எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று அந்த முதல்வருக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஒப்புதல் பற்றிய பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அவகாசம் முடிந்தபின் லேப்டாப் பெட்டியைத் திறந்தால் அந்த ஆறு கேள்விகளும் தமிழில் வருகின்றனவா என்று பார்த்துக் கேட்க வேண்டியது வாங்குபவர்கள்தான். கேட்காதவருக்கு எந்தச் சட்டமும் காகிதம்தான்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"

இப்படிச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். லேப்டாப் திருடு போனால் பூட்டு காப்பாற்றுமே என்பார்கள். உண்மைதான். பூட்டு நல்லது. ஆனால் பீரோ செய்து கொடுத்தவர் மாற்றுச் சாவியைத் தன் கல்லாவில் போட்டுக்கொண்டு, "உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றால் யாராவது சும்மா வருவார்களா? பைக் வாங்கினால் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குகிறோம். லேப்டாப்புக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

கேட்க வேண்டியது மூன்றே மூன்று. கணக்கில்லாமல் தொடர ஒரு வெளிப்படையான பட்டன். வட்டைப் பூட்டும் முன் அந்த 48 இலக்கத்தைத் திரையில் காட்டி, எழுதிக்கொண்டீர்களா என்று ஒரு கேள்வி. ஒப்புதல் வாசகம் தமிழில். இவை வருகிறவரைக்கும், கடையில் "செட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "வேண்டாம் தம்பி, பெட்டியைப் பிரிச்சு ஸ்கிரீன் உடையாம இருக்கான்னு மட்டும் காட்டுங்க."

பி.கு: ஏற்கெனவே கடையில் செட் செய்து வாங்கியவர்கள் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து அங்கே யாருடைய ஈமெயில் இருக்கிறது என்று இன்றே பார்க்கவும். சொந்த ஈமெயில் என்றால் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைசஸ் பகுதியில் அந்த 48 இலக்கம் கிடைக்கும். காகிதத்தில் எழுதி ஒரிஜினல் பில்லோடு பத்திரப்படுத்தவும். தெரியாத ஈமெயில் என்றால் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, பில்லோடு கடைக்குப் போய்க் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கவும். வாங்கிய கையோடு மீட்பு ஃபோன் நம்பரையும் மாற்றிவிடவும். லேப்டாப்பில் கோளாறு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.